பூவாடைக்காரியாகிவிட்ட அம்மாவுக்கு

என் ஆசை அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இனி அதை எப்படிக் கேட்பது? இங்குள்ள சேதியையே சொல்கிறேன். இந்த வருடம் மலையில் சாமை நன்றாக விளைந்திருக்கிறது. உன் செல்வம் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

நீ போன பிறகு தம்பி செல்வம் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை. பஞ்சர் ஒட்டுகிற பசையை முகர்ந்துவிட்டுப் புளியமரத்தடியில் கிடக்கிறான் என்று காவலூர் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். பதினைந்து வயசுகூட ஆகவில்லை அவனுக்கு. ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், உன் மேல் சத்தியம் வாங்கினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை அந்தச் சத்தியம். சேர்க்கை சரியில்லை என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடியில் உனக்குப் படையல் போட்டோம். தாலியோடு போனவள் என்பதால் இப்போது நீ எங்கள் பூவாடைக்காரி. மஞ்சள் தோய்த்த புதுப்புடவையும் பூவும் வைத்து வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிறோம். தினமும் குடித்துவிட்டு உன் தலைமுடியைப் பிடித்து இழுத்த அப்பா, அன்று குளித்து, விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு, பயபக்தியோடு சூடம் ஏற்றினார். உனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா?

அப்போதுதான் செல்வம் தள்ளாடிக்கொண்டு வந்து சூடத் தட்டைத் தட்டிவிட்டான். பெரியப்பா அடிக்கப் பாய்ந்தார். அவன் அப்பாவைப் பார்த்து, "அம்மாவத் தள்ளிவுட்ட கையாலயே சூடம் காட்டுறியா?" என்று கேட்டான்.

நீ வழுக்கி விழுந்து அம்மிக்கல்லில் தலை மோதிச் செத்தாய் என்றுதான், கம்பெனி விடுதியில் இருந்த எனக்குச் சொல்லியிருந்தார்கள். செல்வம் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் வெளியே போன அப்பா இன்னும் திரும்பவில்லை. நான் தேடவும் இல்லை.

மறுநாளே செல்வத்தைப் பஸ் ஏற்றி வேலூருக்குக் கூட்டி வந்தேன். எதற்கு அந்தப் பசை என்று டாக்டரம்மா கேட்டார். அதை முகர்ந்தால் உன் தலை கல்லில் மோதிய சத்தம் காதில் கேட்பதில்லை என்றான். வீட்டில் அடிதடி என்றால் பரணில் ஏறி ஒளிந்துகொள்வானே, அன்றும் அங்கேதான் இருந்திருக்கிறான். பிள்ளை என்னத்தைப் பார்த்தான் என்று இத்தனை நாள் ஒருவரும் கேட்கவில்லை அம்மா. திட்டுவதற்கு மட்டும் வரிசையில் நின்றோம்.

நேற்று சோறு ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா என்னக் கூப்டுச்சிக்கா. பயத்துல நான் எறங்கல. அம்மாவுக்கு எம்மேல கோவமாக்கா?"

அம்மா, இதை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? நீயல்லவா பதில் சொல்ல வேண்டும்.

"இல்லடா. நீ எறங்காததுதான் அம்மாவுக்கு நிம்மதி" என்று உன் பேரில் நானே சொல்லிவிட்டேன். நம்பினானா, தெரியவில்லை. வாயிலிருந்த சோற்றை விழுங்கினான்.

சரியாகத்தானே சொன்னேன்? மறுபடியும் அந்தப் பசையைத் தேடிப் போனாலும் போவான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போனால் நானும் பின்னாலேயே போய்க் கூட்டி வருவேன். அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். அவன் தலை நரைத்த பிறகு கேட்டாலும், உனக்குக் கோபம் இல்லை என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள்,
செல்வத்தின் அக்கா.