மதகுச் சாவி

தை மாதம், செவ்வாய்க்கிழமை.

எரிச்சல் அடங்கவே இல்லை. காலையில் வகுப்பில் பழைய ஆங்கிலப் பேய்க்கோட்டை நாவல்களைப் பற்றிப் பேசினேன். அதிகார ஆசை பிடித்த பிரபு எல்லாக் கதவுகளையும் பூட்டி வைக்கிறான். கடைசியில் கோட்டை அவன் தலையிலேயே இடிந்து விழுகிறது. ஒரு மாணவி கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், அவன் பொண்டாட்டி அதுவரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தாளுங்க?" நாவலில் அது இல்லை என்று சமாளித்தேன். கொல்லங்கோடு பஸ்ஸிலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

சாயங்காலம் பக்கத்து வயல் மாராத்தாள் வந்து நின்றாள். "அம்மிணி, நேத்து எங்க முறையல்லோ? சொட்டுத் தண்ணி வரலையே. நெல்லு கதிர் புடிக்கற நேரம்."

வாய்க்கால் கமிட்டிக்கு என் வீட்டுக்காரர் பிரசிடெண்ட் ஆனதிலிருந்து மதகுச் சாவி எங்கள் வீட்டில்தான். அவர் உள்ளேயிருந்து கத்தினார்: "கூட்டத்துல எந்திரிச்சு என்னையக் கேள்வி கேட்டாளல்ல? காயட்டும்!"

கேள்வி கேட்டதற்காக ஒரு வயலையே காயப்போடுகிற இந்த மனுஷனுக்குத்தான் கழுத்தை நீட்டினேன்! கத்திவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவி சமையலறை ஆணியில், என் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது.

நான் மாராத்தாளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன்.