கோதுமையில் மஞ்சள்

டெட்லெஃப்,

நேற்று மாலைச் சாப்பாட்டில் நீங்கள் ஜன்னலோரம், உங்கள் தம்பி கெர்ட் எதிரில், நான் அடுப்புப் பக்கம். "நவம்பர்லயே மருந்தடிச்சிருந்தா கோதுமையில அசுவினிப் பூச்சி ஒழிஞ்சிருக்கும். உறைபனி கொன்னுடும்னு காத்துக் கெடந்தியே, பனி வந்துச்சாண்ணே?" என்று கெர்ட் கேட்டான். "நாளைக்கே எல்லாத்தையும் உழுது போடுறேன், போடா" என்றீர்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பயிரில் தெரியும் மஞ்சள் திட்டு அசுவினி பரப்பிய நோயென்றால் இனி மருந்தில்லை. உழுதுவிட்டு மக்காச்சோளம்தான் போடவேண்டும். வெறும் உரக்குறை என்றால் பயிர் தேறும். சோதனைச்சாலை சொல்லும்வரை கலப்பையைத் தொடாதீர்கள்.

பட்டாணி சூப் அடுப்பில். சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

வீப்கே

பி.கு.: டிராக்டர் சாவியை நான் எடுத்துப்போகிறேன். தேடாதீர்கள்.

இன்னொன்று: விடிந்ததும் வயலில் மஞ்சள் இலை பறித்து வந்தேன், சோதனைச்சாலைக்கு அனுப்ப. அனுப்புநர் இடத்தில் நம் இருவர் பெயரையும் எழுதி, உறையை ஒட்டிவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன்.