ஏழாம் கதவின் கண்

பினாங்கு

அன்புள்ள லஸ்திரி,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் இருமல் நின்றதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் சுகமாக இருக்கிறேன்.

போன வாரம் குளிர்கிடங்கில் சின்னக் கலாட்டா. இங்கே ஒவ்வொரு கதவிலும் ஒரு மின்கண் உண்டு; அது ஆளைக் கண்டால் கதவு தானாக நின்றுவிடும். ஒரு கதவின் கண் செத்துவிட்டால் பக்கத்துக் கதவின் கண் அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லும். கோளாறைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடாம். பள்ளிக்கூடத்துக்கு வராதவனுக்காக நாம் ‘உள்ளேன் ஐயா’ சொல்வோமே, அதேதான். ஏழாம் கதவின் கண் செத்தது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கண் ஆள் இல்லை என்றது. இரும்புக் கதவு என் கைமேல் இறங்கியது.

நான் அலறும்போதே சூப்பர்வைசர், “திரையில எல்லாம் பச்சையாத்தானே இருக்கு” என்றார்.

“தரையைப் பாருய்யா, என்ன நிறம்னு” என்று என் கூட்டாளி பர்ஜோ அவரைச் சுவரில் தள்ளினான். கடப்பாரையால் கதவை இயக்கும் பெட்டியை அடித்துப் பிளந்தான். அப்புறம்தான் கதவு எழுந்தது.

காயம் பெரிதில்லை. பெருநாள் சட்டைக்குப் பித்தான் வைக்காதே, தலைவழியாகப் போடுகிற மாதிரி தைத்து அனுப்பு. நீ அரைக்கும் சம்பலும் கொஞ்சம். வீடியோவில் கூப்பிடாதே, குரல் போதும். வேலை அதிகம் என்பதால் பர்ஜோ எழுதித் தருகிறான். மணி அடித்துவிட்டது.

உன் சுகேங்

அண்ணி, இது அவன் சொல்லி எழுதுவது அல்ல. வலது கை முழங்கையோடு போய்விட்டது. அவனுக்காக நான் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல மாட்டேன். புறப்பட்டு வாங்க.

பர்ஜோ