கையுறை கொடுக்கப்பட்டது

ஜூலை 8

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? போனில் சொன்னால் "பார்க்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் பழுதாகி நாலு மாதம் ஆகிறது. பிள்ளைகள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளை அதில் நீராவியில் வேகவைத்த பிறகுதான் கழுவப் போட வேண்டும். இப்போது பிளீச்சிங் தண்ணீர் வாளியில் முக்கி வைக்கிறேன். பாதி நாள் அந்தப் பவுடரும் இருப்பதில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் அந்த வாளிமேலேயே பையைச் சாய்க்கிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

தட்டு கழுவுகிறவளை அவள் நடைக்காகச் சிட்டு என்று கூப்பிடுவோம். கையுறை கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டிப் போட்டுக்கொள்கிறாள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று கோரிக்கை அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நீதானே? கொஞ்சம் கண் திறந்து பார்.

அக்கா

ஜூலை 15

என் செல்ல அக்காவுக்கு,

திட்டுவதற்கென்றே பேனா எடுப்பாயா? பன்னிரண்டு கல்லூரி, எல்லாருக்கும் அவசரம். புதுக் கட்டடத் திறப்பு விழா முடியட்டும். இருபது வருஷமாக அந்த ஆய்வகத்தில் இருக்கிறாய், உன்னை ஒரு கிருமியும் தொடவில்லையே! உன் வாய்க்குப் பயந்திருக்கும். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

தங்கச்சி

ஆகஸ்ட் 2

தங்கச்சி,

உடைந்த தட்டு சிட்டுவின் வலது கையைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். மூன்றாம் நாள் முழங்கை வரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றினாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"அங்க என்னென்ன கிருமி வளக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுத எழுத உன்மேல் ஆத்திரமாக வந்தது.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

தூக்கமே இல்லை. விசாரணைக் குழு வருகிறது. உன் கோரிக்கைகளில் "தற்போது தேவையில்லை" என்று எழுதியது நான். என் தலைதான் உருளும். அந்தக் காகிதங்களை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். நீ குழுவுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடு: "கையுறை கொடுக்கப்பட்டது, அவர் அணியவில்லை." சிட்டுவை நான் கைவிட மாட்டேன், அவள் பிழைக்க ஒரு வழி செய்கிறேன், சத்தியமாக. அம்மா போனபிறகு எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்லு.

உன் தங்கச்சி

ஆகஸ்ட் 11

எழுதிக் கொடுத்துவிட்டேன். சிட்டுவுக்குச் செய்வதாகச் சொன்னதைச் செய்.

அக்கா

ஆகஸ்ட் 20

என் தங்க அக்காவுக்கு,

விசாரணை முடிந்தது, உன்னால்தான் மூச்சு விடுகிறேன். புது ஆட்டோகிளேவுக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று, சந்தோஷமா? சிட்டுவுக்கு இப்போது ஏதாவது செய்தால் தப்பை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார் வக்கீல். கொஞ்ச நாள் போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி

செப்டம்பர் 3

தங்கச்சி,

நேற்றுச் சிட்டு என் வீட்டுக்கு வந்தாள். வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். படித்துச் சொன்னேன்.

"கையுறை குடுத்தாங்களாமா? எந்தப் பாவி இப்படிப் பொய் சொன்னது மேடம்? விசாரணைக்கு உங்களக் கூப்பிடவே இல்லியா?"

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் கடிதத்தை வாங்கி மடிக்கப் பார்த்தாள். மிச்சமிருந்த விரல்களுக்கு அது வசப்படவில்லை. நான் மடித்துக் கொடுக்கப் போனேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, காகிதத்தை அப்படியே கசக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

இன்று காலை குழுத் தலைவரைப் பார்த்து, நான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கோரிக்கைகளின் நகல்களையும், ஆகஸ்ட் ஆறாம் தேதி நீ எழுதிய கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன். உன்னைக் கூப்பிடுவார்கள். என் வேலையும் போகும். போகட்டும், பொய் சொன்ன கை என்னுடையதுதானே.

நீ அலறியடித்துக்கொண்டு புறப்படுவாய் என்று தெரியும். வராதே. வந்தால் கதவைத் திறந்துவிடுவேன். திறந்தால் நீ அழுவாய். நீ அழுதால், நீ சொல்வதை மறுபடியும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அக்கா