தாழ்ப்பாள் எங்கள் பக்கம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. அப்பா நலம், உன் தங்கை நலம், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் சொன்னார். என் வலது கை மட்டும் நலமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் முகம் சுளிக்காதே, நேற்றுதான் தையல் பிரித்தார்கள், பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசி வைத்துவிடுகிறாய். அன்று சாயங்காலம் நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னபோதும் அப்படித்தான், வேன்காரர் ஒத்துக்கிட்டார்ல, நீ வாயைத் திறக்காதேம்மா, நான் வரைந்த பேருந்து நிலையத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம் என்றாய். நான் சரி என்றேன். பதினோரு நாளாகச் சரி என்றே இருந்தேன். இனி முடியாது. கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் கட்டடத்தைப் பற்றி நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனம் வராது. ஆறு மாடி நகர அலுவலகத்தில் ஓர் அறையிலும் குப்பைக்கூடை கிடையாது, அதிகாரியோ ஆபீஸ் பையனோ தன் குப்பையைத் தானே தூக்கிக்கொண்டு கீழ்க்கூடத்துக்கு வர வேண்டும், சுவரில் வாய்போல் திறந்திருக்கும் ஐந்து துளைகளில் காகிதத்தைக் காகித வாயிலும் பாட்டிலைப் பாட்டில் வாயிலும் போட வேண்டும் என்று நீ வரைந்தபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முதலில் சிரித்தவள் நான்தான். நடந்தது. டம்ளர் கழுவும் குழாய் வரிசையை வாசலிலேயே வைத்தாய், மூட்டை மூட்டையாக வந்த காகித டம்ளர் நின்றே போனது. பழுது பார்க்கும் மேசையில் குடையும் மின்விசிறியும் ஜிப் போன பையும் சரியாகித் தங்கள் முதலாளிகளோடு வீட்டுக்குப் போயின. தினமும் லாரி வந்த இடத்தில் வாரத்துக்கு ஒரு முறை வேன் வந்தால் போதும் என்றானது. அந்த ஐந்து வாய்க்கும் பின்னால் நாங்கள் நாலு பெண்கள் நின்று பிரித்தோம். இருபத்திரண்டு வருஷம் தகரக் கொட்டகையில் பகலிலும் பல்பு போட்டுக்கொண்டு நான் செய்த அதே வேலைதான். அம்மா இனி இருட்டில் நிற்கக் கூடாது என்றுதான் நீ அந்தச் சுவரைக் கண்ணாடியில் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். தன் குப்பையைத் தொடுகிற கையைக் கண்ணால் பார்த்துவிட்டால் எவனும் ஒழுங்காகப் பிரித்துப் போடுவான் என்று மேடையில் பேசிப் பரிசும் வாங்கினாய். நானும் நம்பினேன்டா. முதல் நாள் படிய வாரி, சலவைப் புடவை கட்டிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் போய் நின்றேன்.

ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கொஞ்ச நாள் கையசைத்தார்கள். அப்புறம் போட்டோ எடுத்தார்கள், அப்புறம் கண்ணாடியைத் தட்டித் தட்டி எங்களைத் திரும்ப வைத்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு குமாஸ்தா, அவனுக்கு நாங்கள் வைத்த பெயரே மூணாம் மாடிதான். சாப்பிட்ட மிச்சத்தைக் குழம்போடு காகித வாயில் கொட்டிவிட்டு, நாங்கள் அதை வழித்து எடுக்கும்வரை நின்று வேடிக்கை பார்ப்பான், கையில் டீ வேறு. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது, சத்தம் புகாத கண்ணாடி என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். சரி, நேரில் போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் எங்கள் அறையிலிருந்து கூடத்துக்குக் கதவு கிடையாது. பின்வாசலில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, முன்வாசல் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு உள்ளே வருவதற்குள் அவன் மூன்றாம் மாடிக்குப் போய் வேலையைத் தொடங்கியிருப்பான். மேலாளருக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தோம், அலுவலக ஊழியர்களோடு தகராறு வேண்டாம் என்று பதில் வந்தது. இதை உன்னிடமும் சொன்னேன், போகப் போகப் பழகிடுவாங்கம்மா என்றாய்.

எங்களோடு நிற்கிற பாட்டுக்காரியை உனக்குத் தெரியும், போன முறை நீ வந்தபோது உன் கல்யாணப் பேச்சை எடுத்துப் பாட்டாகவே பாடி உன்னை ஓட வைத்தாளே, அவள்தான். அன்று காலை பதினோரு மணிக்கு மூணாம் மாடி செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் காகித வாயில் போட்டான். அவள் பாடிக்கொண்டே இரண்டு கையாலும் அதைப் பிரித்தாள். உள்ளே உடைந்த பாட்டில். கத்தக்கூட இல்லை, பாட்டு நின்றது, அதனால்தான் நான் திரும்பினேன். கையுறை வாழைப்பழத் தோல்போல் பிரிந்து தொங்கியது, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெட்டு, அடுக்கி வைத்திருந்த அட்டை முழுக்க ரத்தம். நிமிர்ந்து பார்த்தால் அவன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். கை வெட்டுப்படும் என்று தெரிந்தே போட்டானா என்று எனக்குத் தெரியாது, அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன். வெட்டுப்பட்ட பிறகும் போனை இறக்கவில்லை, அதற்குச் செய்வேன்.

வாய் அடைத்துக்கொண்டால் குத்தித் தள்ள ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்போம். அதை எடுத்தேன். இந்தக் கண்ணாடியை நடுவில் அடித்தால் ஒன்றும் ஆகாது, மூலையில் கூர்முனையால் ஒரு தட்டுப் போதும் என்று அதை மாட்டிய ஆள் சொன்னது அந்த நேரத்தில் எப்படித்தான் ஞாபகம் வந்ததோ. மூன்றாவது குத்தில் சுவர் முழுவதும் கல் உப்பாகக் கொட்டியது. சட்டத்தில் மிச்சம் இருந்த சில்லைப் பிடித்துத் தாண்டினேன், என் கை கிழிந்தது அப்போதுதான், வலிக்கவே இல்லை. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது தாடையில், அட்டைப்பெட்டியை மிதித்து மடக்கும்போது வருமே, அந்தச் சத்தம் கேட்டது. போன் கீழே விழுந்தது, செருப்புக் காலால் மிதித்துத் தேய்த்தேன். மூன்றாவது அடி அவன் தரையில் கிடந்து முகத்தை மூடிக்கொண்ட பிறகு முழங்காலில் விழுந்தது. முதல் இரண்டுக்கும் என்னிடம் நியாயம் இருக்கிறது, யார் கேட்டாலும் சொல்வேன். மூன்றாவதற்கு இல்லை. உன்னை வளர்க்கும்போது ஒரு நாள்கூடக் கை ஓங்காதவள் நான், எனக்குள் இவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது, பயமாக இருக்கிறது.

கம்பியை நான்காவது முறை ஓங்கியபோது பின்னாலிருந்து பிடுங்கியவர் வேன்காரர், பாட்டுக்காரியின் கணவர். பின்வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் பெண்டாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொடுங்கக்கா அதை, அவ கைக்காக நான் அடிச்சேன்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான், உங்க பையன் பேரை இந்த வாசல்லயே செதுக்கி வெச்சிருக்காங்க என்று காதோரமாகச் சொல்லிவிட்டு, சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தபோது கம்பி அவர் கையில் இருந்தது, போலீஸ் வரும்வரை அதோடு அங்கேயே நின்றார். இதில் சிரிப்பு என்னவென்றால் மூணாம் மாடியும் தலையாட்டிவிட்டான். தாடையைக் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவனிடம் அடித்தது வேன்காரரா என்று கேட்டார்களாம், ஆமாம் என்று ஆட்டினானாம். குப்பை பிரிக்கிற ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். கையை எனக்கு நம் தெருமுனை டாக்டர் தைத்தார், அரிவாள்மனை என்று பொய் சொன்னேன். மறுநாள் அவன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் உடைந்த சுவர் வழியாகவே உள்ளே புகுந்து ஈரக்குப்பைத் தொட்டியைத் தூக்கி எங்கள் தலையில் கவிழ்த்தார்கள், எங்களில் மூத்தவளை விலாவில் உதைத்தார்கள். நாங்கள் என்ன கையைக் கட்டிக்கொண்டு நிற்போமா, சேர்த்து வைத்திருந்த பாட்டில்களை எடுத்து வீசினோம், ஒருவனுக்கு நெற்றி பிளந்தது. மறுபயன்பாடு, மறுபயன்பாடு என்று நீ சொல்வாயே, அன்றைக்கு அது நடந்தது. இப்போது அந்த இடத்தில் பலகை அடித்திருக்கிறார்கள், மாடிக்கு மாடி குப்பைக்கூடை திரும்பி வந்துவிட்டது.

பாட்டுக்காரிக்கு இரண்டு விரல் இனி மடங்காது. நேற்று அவள் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான்தான் காவல் நிலையம் போனேன். வேன்காரரின் ஒரு கண் மூடிக் கிடக்கிறது, முன்பல் ஒன்று இல்லை, பாதத்தில் அடித்திருப்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்க எதுக்குக்கா வந்தீங்க, போங்க என்றார். பேசாதடா என்று காவலர் என் கண் முன்னாலேயே அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நான் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த அறை எனக்கு வர வேண்டியது, அந்தப் பல் என்னுடையது, அவருடைய அந்தக் கண் என்னுடையது. நீ சொன்ன சொல்லை நான் காப்பாற்றக் காப்பாற்ற அவர் உடம்பில் ஒவ்வொன்றாகப் போகிறது.

அதனால் நாளைக் காலை போய்ச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் தபால்பெட்டியில் போடுவேன், உன் கைக்கு வரும்போது நான் உள்ளே இருந்தாலும் இருப்பேன், திடுக்கிடாதே. கண்ணாடியில் பட்ட ரத்தம் யாருடையது என்று பார்க்கட்டும், என் உள்ளங்கைத் தழும்பைப் பார்க்கட்டும், மூன்றாவது அடியையும் மறைக்காமல் சொல்வேன். அப்பாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன், காப்பியில் சர்க்கரை குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே நானும் வர்றேன், அந்தச் செருப்பை மாத்திக்கோ, அடியில இன்னும் கண்ணாடி இருக்கு என்றார். தங்கை நேற்றிலிருந்து அழுகிறாள், அவளுக்கு நீ போன் பண்ணு, எனக்கு வேண்டாம். உன் பேருந்து நிலையம் கைவிட்டுப் போனால் என்மேல் கோபப்படு, அதை நான் தாங்கிக்கொள்வேன். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அடித்தது என் அம்மா என்று உன் வாயால் சொல், பூசி மெழுகாதே.

பேருந்து நிலைய வேலை போகாமல் உன்னிடமே இருந்தால், அங்கே கண்ணாடியை வைக்காதே என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் நல்லதுதான், கொட்டகைக்குத் திரும்பிப் போக எங்களில் யாருக்கும் ஆசை இல்லை. வாய்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்று, குனிந்து எடுத்து முதுகு போகிறது. பொட்டலம் விழுகிற இடத்தில் சல்லடை ஒன்று வை, கை முதலில் போகக் கூடாது. அப்புறம் கதவு. பதினோரு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கண்ணாடிச் சுவரில் ஒரு கதவு இருந்திருந்தால் முதல் நாளே நடந்து போய் அவன் முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்டிருப்பேன், அவனுக்கும் என் குரல் கேட்டிருக்கும், பாட்டுக்காரி இன்றைக்கும் பாடிக்கொண்டிருப்பாள். நீ எங்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி வரைந்தாய், நாங்கள் வெளியே வருகிற மாதிரி வரையவில்லை. உன்மேல் குறையாகச் சொல்லவில்லை கண்ணா, அம்மாவை வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்த பிள்ளை எத்தனை பேருக்கு இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல் இரு. போட்ட கோட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிற தைரியம் உனக்கு எப்போதும் இருக்கட்டும். வெந்நீர் குடி. கதவை மறந்துவிடாதே, தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருக்கட்டும்.

மூன்று அடியும் அடித்த,
உன் அம்மா