கவிழ்ந்து கிடந்த தகடு

உங்களுக்கு,

காலையில் நம் வாசல் சாக்கடைக்குச் சிமெண்டு மூடி போட ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக அதன்மேல் கிடந்த உங்கள் இரும்புத் தகட்டைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்கப் பழைய ஆயில் பிசுக்கு. ஒருவன் சாக்கால் துடைத்துவிட்டு, "லூர்தம்மாள்னு எழுதியிருக்கே, யாரும்மா அது?" என்று கேட்டான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

புதுத் துறைமுகம் வந்த புதிதில் நீங்கள் வாங்கிய பழைய லாரிதான் நம் சோறு. நான் உப்பளத்தில் உப்பு சுமந்தேன், நீங்கள் அதைத் தோணிக்குக் கொண்டுபோனீர்கள். உப்புநீர் வடிந்து வடிந்து லாரியின் பலகையெல்லாம் இற்றுப்போனது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட கனத்த தகடுகளை வாங்கிவந்து, பலகைக்குத் தார் பூசி, லாரியைச் சுற்றிலும் பொருத்தினீர்கள். மற்றவர்கள் ரிவெட் அடிப்பார்கள். நீங்கள் போல்ட் போட்டீர்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, உள்ளே தங்கிய உப்பைக் கழுவ வேண்டுமாம்.

"லாரிக்கு அம்மை போட்டிருக்கு" என்று அந்த போல்ட் தலைகளைப் பார்த்துச் சிரித்தேன்.

"சிரிக்காதளா. இனி உப்பு இதுல பல்லு வைக்க முடியாது."

பின்கதவுத் தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் என் பெயர். ஊர் லாரியெல்லாம் மாதா பெயரிலும் அந்தோணியார் பெயரிலும் ஓடிய காலம் அது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளூரப் பெருமைதான்.

உப்பை நினைத்த நீங்கள் கனத்தை நினைக்கவில்லை. ஐப்பசி பிறந்து வானம் கறுத்த ஒரு சாயங்காலம், பாரத்தோடு லாரி அளத்து வரப்பில் அச்சுவரை புதைந்தது. மழை இறங்கினால் உப்பு கரைந்துபோகும், வரப்பும் கரைந்து லாரி பாத்திக்குள் சாயும். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கீழே போனது. நீங்கள் இறங்கிச் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தீர்கள். பிறகு ஸ்பேனரை எடுத்து, ஆசை ஆசையாகப் பூட்டிய தகடுகளை நீங்களே கழற்றி ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தீர்கள். லாரி மெல்ல ஏறி வந்தது. கெட்டித்தரையை எட்ட இன்னும் ஒரே ஒரு தகடு குறைந்தது; மிச்சம் இருந்தது பின்கதவுத் தகடுதான்.

"இது வேண்டாம்ளா. ஒம் பேருமேல டயர ஏத்த மாட்டேன்."

"பேருதானங்க, போவட்டும். லாரி போச்சுன்னா என்னத்தத் திங்க?"

ஸ்பேனரைப் பிடுங்கி நானே அதைக் கழற்றினேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், பெயர் இருந்த பக்கத்தைச் சேற்றில் கவிழ்த்துப் போட்டேன். அதன்மேல் ஏறித்தான் லாரி கரை சேர்ந்தது. முதல் தூறலும் விழுந்தது.

மற்ற தகடுகளைத் திரும்பப் பூட்டினீர்கள். பெயர்த் தகடு எங்கே என்றதற்கு, "வளைஞ்சு போச்சு" என்று முடித்துவிட்டீர்கள். பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வாசலில் கிடந்தது ஏதோ ஒரு தகடு என்றுதான் இத்தனை காலமும் மிதித்துப் போனேன். ஐப்பசிக்கு முன்னால் வருடம் தவறாமல் அதை நிமிர்த்தி ஆயில் தடவுவீர்கள். பக்கத்தில் வந்தால், "உள்ள போளா, கையெல்லாம் கறையாவும்" என்று விரட்டுவீர்கள். துருவுக்காக என்று நினைத்தேன், பாவி மனுஷா!

புதுமூடி போட்டுவிட்டுப் போனார்கள். தகட்டை எடைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் போன பிறகு இரண்டு ஐப்பசி அதற்கு ஆயில் இல்லாமல் கழிந்துவிட்டது. இன்று நானே தடவினேன். கையெல்லாம் கறை. இன்னும் கழுவவில்லை.