சாய்த்துக் கீறிய வாவி

யூன் 7, திங்கள்

கச்சான் காற்று. மேசையில் வைத்த தாள் ஒன்றும் நிற்கவில்லை. சோக்கு இரண்டு துண்டுதான் மிச்சம்.

ஓ/எல் வகுப்புக்குப் புவியியல், குடியிருப்பு வகைகள். நீள் குடியிருப்பு, கூட்டுக் குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு. "சிதறினது எண்டா எங்கட ஊர்தானே டீச்சர், ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம் ஓடிற்றாங்க" என்றான் பின்வாங்கில் ஒருவன். எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டு வேலை: வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு படம். வடக்குக் குறி, அளவுத்திட்டம், குறிவிளக்கம். உள்ளது ஒன்றும் விடுபடக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன்.

வாங்க: அரிசி, மெழுகுதிரி, மண்ணெண்ணெய் (வந்தால்).

யூன் 9, புதன்

சுகந்தி முதற் பாடத்துக்கு இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பிள்ளை. தகப்பனோடு தோணியில் வாவியைக் கடந்து, இந்தக் கரையில் ஆமியின் காவல் சென்றியில் பை காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறவள். வகுப்பில் கெட்டிக்காரி.

இடைவேளைக்கு முன் அழுதுகொண்டு வந்தாள். பையில் இருந்த படத்தைச் சென்றியில் ஆமிக்காரன் எடுத்துவிட்டான். தகப்பன் தெய்வநாயகத்தை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படத்தில் சென்றி இருக்கிறதாம். மண்மூட்டை, முகாமின் முள்வேலி, எல்லாம். புத்தகத்தில் அதுகளுக்குக் குறி இல்லாதபடியால் தானாகக் குறி போட்டு, விளக்கமும் எழுதியிருக்கிறாள்.

"நீங்கதானே டீச்சர் ஒண்டும் விடாமக் கீறச் சொன்னீங்க."

ஓம். நான்தான். இந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அதிபர் கதவைச் சாத்திவிட்டு: "நீங்க வீட்டு வேலை குடுக்கவே இல்ல. விளங்கிச்சா? புள்ள தானாக் கீறினது."

யூன் 10, வியாழன்

காற்று. தலையிடி.

முகாமுக்குப் போய்ப் பேசப் போகிறேன் என்றதும் தங்கச்சி: "உங்களுக்கென்ன விசரா அக்கா? ஆமிக் காம்புக்குப் போனவங்க எத்தின பேர் திரும்பி வந்தவங்க?"

அதுதான் எனக்கும் தெரியுமே. சோறு இறங்கவில்லை. பயம். பயமில்லை என்று எழுத இதென்ன விடைத்தாளா? ஆனால் நான் போய்ச் சொல்லாவிட்டால் அந்த மனிசனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

காலையில் போவது.

யூன் 11, வெள்ளி

போனேன்.

கப்டனுக்கு முப்பது வயது இருக்கும். தட்டுத் தடுமாறித் தமிழ். கதிரை தந்தார். வீட்டு வேலை நான் கொடுத்தது என்றேன். மேசையில் சுகந்தியின் படம்.

முதல் வந்த நினைப்பு, கடவுளே, என்ன வடிவு! வாவியை வடமேற்கே சாய்த்துப் போட்டிருக்கிறாள். உண்மையில் அது அப்படித்தான் கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சொல்லிச் சொல்லி, இங்கே எல்லாருக்கும் வாவி நேர் வடக்கே போவதாகத்தான் நினைப்பு. ஒவ்வொரு வருசமும் நேராகவே கீறித் தருவார்கள், நானும் வெட்டிக்கொண்டே இருப்பேன். சரியாகக் கீறிய முதற் பிள்ளை இவள்.

"சின்னப் புள்ள இப்படிக் கீறாது. சரியான படம். யார் கீறிக் குடுத்தது? இயக்கமா?" என்றார் கப்டன்.

மூலையில் தெய்வநாயகம் குந்தியிருந்தார். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. சிவப்புப் பேனையை எடுத்தேன். "இதா சரியான படம்? வாவியப் பாருங்க ஐயா, சரிஞ்சு விழுது. வெளியில பாருங்க, நேராத்தானே போகுது? தூரம் பிழை, குறி பிழை. படிச்சுப் படிச்சுச் சொன்னன், மோட்டுப் புள்ள!" கோடு கோடாக வெட்டி, கீழே இருபதுக்கு நாலு என்று போட்டேன்.

சுவரில் இந்தப் பகுதியின் ஓரங்குல நில அளவைப் படம் ஒன்று சுருட்டிச் சாத்தியிருந்தது. அதை விரித்துப் பார்த்தால் மூன்று பேர் கதையும் முடிந்தது. அவர் யன்னலால் வாவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார். அவருடைய டீச்சரும் இப்படித்தான் ஏசுவாவாம்.

பின்னேரம் விட்டார்கள். இறங்குதுறையில் தெய்வநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க டீச்சர். இனி ஒழுங்காக் கீறச் சொல்றன்." பக்கத்தில் சென்றிக்காரன். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

யூன் 14, திங்கள்

காற்றுக் குறைவு. சோக்கு ஒரு பெட்டி வந்தது.

சுகந்தி வந்தாள், முகம் கறுத்துப் போய். பாடம் நடக்கும்போதே புதுத் தாளில் படத்தை மறுபடி கீறி, என் மேசைக்குக் கொண்டு வந்தாள். சென்றி இல்லை, முகாம் இல்லை. வாவி மட்டும் அதே சாய்வு.

"அதெல்லாம் எடுத்திற்றன் டீச்சர். வாவியும் பிழையெண்டு நீங்க சொன்னதா அப்பா சொன்னார். நான் கம்பு நட்டு, நிழல் பாத்து வடக்குப் பிடிச்சுத்தான் போட்டன். எங்க பிழை விட்டன்?"

வகுப்பு முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பின்னேரம் அந்தச் சென்றியைத் தாண்டிப் போகிறவர்கள். டீச்சர் பொய் சொல்லிக் கூட்டி வந்தா என்று ஒரு வாயில் கதை போனால் போதும், தெய்வநாயகம் திரும்ப உள்ளே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். பதினாறு வயது. தன் படம் சரியென்று தெரிந்தால் அந்தச் சந்தோசத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருப்பாளா?

"வாவி நேராத்தான் போகும் புள்ள."

"அப்ப நிழல் பிழையா டீச்சர்?"

"ஓம். நிழல் பிழை."

அழிரப்பரை எடுத்து, தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள். அடிமட்டம் வைத்து வாவியை நேராகக் கீறி நீட்டினாள்.

"இப்ப சரியா?"

சரி போட்டேன்.